நிதி நிறுவனத்துக்கு எந்த லினக்ஸ்: சந்தாவா, இலவசமா, விண்டோஸிலேயே இருப்பதா?

2024 ஜூன் 30-ஆம் தேதியோடு சென்ட்ஓஎஸ் 7 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்துக்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் பேட்சுகள் (ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள்) நின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் அதே கதை. நடுத்தர நிதி நிறுவனங்கள் பலவற்றில் சர்வர் அறையில் முன்னது, கிளைகளில் பின்னது. ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப நிர்வாக வழிகாட்டுதல், ஆதரவு முடிந்த மென்பொருளைத் தவிர்க்கச் சொல்கிறது. எது எப்போது முடிகிறது என்று கண்காணிக்க வேண்டும், முடிவதற்கு முன்பே மாற்றத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வங்கிகளுக்கும், ரிசர்வ் வங்கி பிரித்துள்ள அடுக்குகளில் நடு அடுக்கிலும் அதற்கு மேலும் உள்ள வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

நகைக் கடனும் வாகனக் கடனும் கொடுக்கிற ஒரு நிறுவனம், நாற்பது ஐம்பது கிளைகள், ஐடி பிரிவில் நாலைந்து பேர். இந்த அளவை மனதில் வைத்தே எழுதுகிறேன். பெரிய வங்கிகளுக்கு இதற்கென்றே தனிப்படை இருக்கும்.

உரிமத்துக்குக் காசு கட்ட வேண்டுமா வேண்டாமா என்பதிலிருந்து யோசிக்கத் தொடங்கினால் முடிவு தப்பாகத்தான் வரும் என்பது என் கருத்து. இந்த இயந்திரத்தின் மேல் என்ன ஓடுகிறது, ராத்திரி பதினோரு மணிக்கு அது நின்றால் யாரைக் கூப்பிடுவது? ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இந்த இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். நிறுவனம் முழுவதற்கும் ஒரே இயங்குதளம் என்று தீர்மானம் போடுவது கேட்க அழகாக இருக்கும். கடன் மென்பொருள் ஓடும் சர்வர், மற்ற சர்வர்கள், கிளைக் கம்ப்யூட்டர்கள் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால்தான் காரியம் நடக்கும்.

லினக்ஸ் தாங்குமா?

இயக்குநர் குழுவில் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். அவருக்குச் சொல்ல லண்டன் பங்குச் சந்தையின் கதை இருக்கிறது. 2007-இல் அங்கே வந்த டிரேட்இலெக்ட் என்ற வர்த்தக மென்பொருள் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சர்வர், டாட்நெட் மேல் கட்டப்பட்டது. வீட்டுக் கடன் நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக் இரண்டையும் அமெரிக்க அரசு தன் பொறுப்பில் எடுத்த மறுநாள், 2008 செப்டம்பர் 8, திங்கள்கிழமை. உலகமே பங்கு வாங்கவும் விற்கவும் துடித்த அன்று லண்டனில் ஏறக்குறைய ஏழு மணி நேரம் வர்த்தகம் முடங்கியது. அடுத்த ஆண்டு அந்தச் சந்தை, கொழும்புக்குப் பக்கத்தில் மாலபேயில் இருந்த மில்லேனியம்ஐடி நிறுவனத்தையே 3 கோடி டாலருக்கு வாங்கியது. லினக்ஸில் ஓடும் அதன் மென்பொருளுக்கு 2011 பிப்ரவரி 14 அன்று மாறியது. நியூயார்க், சிகாகோ சந்தைகள் அதற்கு முன்பே லினக்ஸுக்கு வந்திருந்தன.

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். புது மென்பொருளுக்கு மாறிய அதே மாதம் 25-ஆம் தேதி லண்டன் சந்தை மறுபடியும் காலையிலிருந்து நண்பகல் வரை நின்றது. முதல் முடக்கத்துக்கு விண்டோஸ்தான் காரணம் என்றும் யாரும் நிறுவியதில்லை. ஆக, லினக்ஸ் தாங்கும். ஆனால் மாறியதாலேயே நிற்காமல் ஓடும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. குழுவில் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

கடன் மென்பொருள் ஓடும் சர்வர்

இங்கே உங்கள் விருப்பத்துக்கு இடம் குறைவு. கடன் மென்பொருளை விற்ற வென்டரும், அதன் அடியில் இருக்கும் டேட்டாபேஸும் எந்த இயங்குதளத்துக்குச் சான்று தந்திருக்கிறார்களோ அதுதான் பட்டியல். ஆரக்கிள் டேட்டாபேஸ் என்றால் லினக்ஸில் ஆரக்கிள் லினக்ஸ், ரெட் ஹேட், சூசே ஆகிய மூன்றுதான். உபுண்டு, அல்மாலினக்ஸ் போன்ற மற்ற லினக்ஸ் வகைகளிலும் அதை எப்படியாவது நிறுவிவிடலாம், ஓடவும் செய்யும். மார்ச் 31 ராத்திரி கணக்கு முடிக்கும்போது சிக்கல் வந்து உதவி கேட்டு டிக்கெட் போட்டால், ‘சான்றுள்ள இயங்குதளத்தில் இதே பிழையைக் காட்டுங்கள்’ என்று பதில் வரும். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரே 2017 பதிப்பிலிருந்து லினக்ஸில் ஓடுகிறது. ரெட் ஹேட், உபுண்டு இரண்டுக்கும் ஆதரவு உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம்.

பட்டியலில் ரெட் ஹேட் இருந்தால் கடன் சர்வருக்கு அதையே எடுக்கச் சொல்வேன். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் பத்தாண்டு ஆதரவு உண்டு. 2022-இல் வந்த 9-ஆம் பதிப்பு 2032 வரை வரும். ஆவணங்கள் நிறைய, தெரிந்த ஆட்களும் எளிதாகக் கிடைப்பார்கள். ஆடிட்டர் கேட்கும் சான்றுகளும் சர்வரின் பாதுகாப்பைக் கடினப்படுத்தும் கையேடுகளும் தயாராக இருக்கும். குறை, சந்தாவை எண்ணும் விதம். ஒப்பந்தப்படி இரண்டு சர்வருக்கு மட்டும் சந்தா கட்டி, அதே ரெட் ஹேட்டை மற்ற பத்து சர்வர்களில் சும்மா ஓட்ட முடியாது. மெய்நிகர் சர்வர்கள் நிறைய வைத்திருப்பவர்கள், ஒரு ஹோஸ்டுக்கு (அவை ஓடும் நிஜ இயந்திரத்துக்கு) மட்டும் சந்தா கட்டி அதன் மேல் எத்தனை வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளும் டேட்டாசென்டர் வகையைக் கேட்டு விலை வாங்குங்கள். எண்ணிக்கை கூடினால் அதுதான் கட்டுப்படியாகும்.

உபுண்டு கணக்கு வேறு மாதிரி. நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு பேட்சுகள் இலவசம். உபுண்டு ப்ரோ சந்தா எடுத்தால் பத்தாண்டு. சந்தா இல்லாமல் உபுண்டு ஓட்டும் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: அந்த இலவச ஐந்தாண்டு உறுதி முக்கியக் களஞ்சியம் என்ற மென்பொருள் தொகுப்புக்கு மட்டும்தான். யூனிவர்ஸ் என்ற பெரிய களஞ்சியத்திலிருந்து எடுத்த மென்பொருள் பொதிகளுக்கு உறுதியான பாதுகாப்புப் பேட்சுகள் ப்ரோவோடுதான் வரும். கல்லூரி முடித்து வரும் பையன்களுக்கு உபுண்டு பழக்கம், அது ஒரு நிஜமான லாபம். மென்பொருள் புதியது, போஸ்ட்கிரெஸ் மேல் ஓடுகிறது, வென்டரும் உபுண்டுவில்தான் சோதிக்கிறார் என்றால் ரெட் ஹேட் பக்கம் போகவே வேண்டாம்.

சூசே நல்ல சரக்குதான். எஸ்ஏபி நிறுவனத்தின் ஹானா டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு ரெட் ஹேட்டை விட்டால் அதுதான் வழி. நம் அளவு நிறுவனத்தில் அதை நன்றாகத் தெரிந்த ஆளைத் தேடுவதற்கே ஆறு மாதம் ஆகும் என்பதால் நான் இரண்டாம் இடத்தில்கூட வைக்க மாட்டேன். ஆரக்கிள் லினக்ஸைப் பதிவிறக்குவதும் பேட்ச் வாங்குவதும் இலவசம், உதவி வேண்டிய சர்வருக்கு மட்டும் பணம் கட்டலாம். ஆரக்கிள் டேட்டாபேஸ் ஏற்கெனவே இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். இல்லாதவர்கள் அந்த வாசலில் நுழையாமல் இருப்பதே நல்லது.

மற்ற சர்வர்கள், இலவச லினக்ஸ்

கோப்புச் சர்வர், உள் இணையதளம், கண்காணிப்பு, சோதனைச் சூழல், லாக் (இயந்திரங்களில் நடப்பதன் பதிவு) சேமிப்பு. இவற்றுக்கெல்லாம் சந்தா கட்டுவது வீண். இந்த இடத்தில்தான் முன்பு சென்ட்ஓஎஸ் இருந்தது. அதற்கு நடந்தது இலவச மென்பொருளை நம்புகிற ஒவ்வொரு நிதி நிறுவனமும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம்.

ரெட் ஹேட்டின் மூலநிரலை எடுத்து, பெயரை மட்டும் மாற்றித் தந்த இலவச வடிவம் சென்ட்ஓஎஸ். 2014-இல் அந்தத் திட்டம் ரெட் ஹேட்டின் கூரைக்குக் கீழ் வந்தது. 2019-இல் வெளிவந்த 8-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பித்தான் எல்லோரும் நிறுவினார்கள். 2020 டிசம்பர் 8 அன்று, 2021 முடிவோடு அது நின்றுவிடும் என்ற அறிவிப்பு வந்தது. பத்தாண்டு கணக்குப் போட்டவர்களுக்குக் கிடைத்தது ஓராண்டு அவகாசம். புதிய 8-க்கு உற்சாகமாக மாறியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சோம்பேறித்தனமாக 7-லேயே இருந்தவர்களுக்கு 2024 வரை நேரம் கிடைத்தது.

அந்த வெற்றிடத்தில் 2021-இல் இரண்டு வந்தன. கிளவுட்லினக்ஸ் நிறுவனம் தொடங்கி, தனி அறக்கட்டளையிடம் ஒப்படைத்த அல்மாலினக்ஸ் ஒன்று. சென்ட்ஓஎஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிகரி குர்ட்சர் தொடங்கிய ராக்கி லினக்ஸ் இன்னொன்று. 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் மூலநிரலைப் பொதுவில் வைப்பதை, அடுத்த வெளியீட்டுக்கு முன்னோட்டமான சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீமுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டபோது இரண்டும் வெவ்வேறு வழியில் போயின. பிழைக்குப் பிழை ரெட் ஹேட்டைப் போலவே இருப்போம் என்ற இலக்கை ராக்கி விடவில்லை. அல்மா அதைக் கைவிட்டு, ரெட் ஹேட்டில் ஓடும் மென்பொருள் எல்லாம் இங்கேயும் ஓடும், அது போதும் என்று முடிவு செய்தது. நடைமுறையில் நம் அளவு நிறுவனத்துக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு அல்மா மேல் கொஞ்சம் சாய்வு உண்டு. பிழையைத் தானே திருத்தும் சுதந்திரம் இருப்பதால் ரெட் ஹேட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஒரே ஊற்றை நம்பியும் இல்லை. பணம் கட்டி உதவி பெறவும் வழி உண்டு: அல்மாவுக்கு டக்ஸ்கேர், ராக்கிக்கு சிஐக்யூ.

டெபியன் இந்தக் கூட்டத்தில் தனி ஆள். அதன் பின்னால் எந்த நிறுவனமும் இல்லாததால் எந்த நிறுவனமும் மனசு மாறி நிறுத்திவிட முடியாது. சென்ட்ஓஎஸ்ஸுக்கு நடந்தது இதற்கு நடக்க வாய்ப்பில்லை. ஆனால் ஒரு பதிப்பின் ஆயுள் மூன்று ஆண்டு, நீண்டகால ஆதரவுக் குழுவின் தயவில் இன்னும் இரண்டு, மொத்தம் ஐந்துதான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிப்பு மாற்றும் ஒழுக்கம் உங்கள் ஐடி பிரிவுக்கு இருக்கிறதா? 2024-இல் சென்ட்ஓஎஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருந்த நிறுவனம் என்றால் பதில் தெரிந்ததுதான். அப்படிப்பட்டவர்கள் அல்மாவுக்கே போகட்டும்.

ஆடிட்டர் வரும்போது

தொழில்நுட்பத்தைவிட அதிக நேரம் தின்பது இதுதான். லினக்ஸுக்கு மாறிய முதல் ஆண்டு பாதுகாப்பு ஆடிட்டில், ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரின் அறிக்கை சிவப்பாக வரும். ‘உங்கள் ஓப்பன்எஸ்எஸ்எச் 8.7, பழையது, ஓட்டை உள்ளது, உடனே 9.8-க்கு மாறவும்’ என்று இருக்கும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் இந்த மென்பொருளில் 2024 ஜூலையில் ரெக்ரெஷன் என்று பெயர் பெற்ற ஓட்டை வெளிவந்தபோது பல இடங்களில் இதே சண்டை நடந்தது.

ரெட் ஹேட், உபுண்டு, டெபியன், அல்மா எல்லாமே பதிப்பு எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து சேர்ப்பவை. அப்போது திருத்தம் போட்ட பின்பும் ரெட் ஹேட் 9-இல் அது 8.7 என்றுதான் காட்டியது, பின்னால் இருக்கும் வெளியீட்டு எண் மட்டும் கூடியிருந்தது. எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனருக்கு அது தெரியாது. ஆடிட்டர் சொன்னார் என்று இணையத்திலிருந்து 9.8-ஐ எடுத்துக் கையால் தொகுத்துப் போட்டால், அன்றிலிருந்து அந்தப் பொதிக்குத் தானியங்கிப் பேட்ச் வராது. ஆடிட்டைத் தாண்டிவிடுவீர்கள், பாதுகாப்பு கெட்டுவிடும்.

இதற்கான வழி, ஓட்டைகளுக்குத் தரப்படும் ஒவ்வொரு சிவிஇ எண்ணுக்கும் எந்த வெளியீட்டில் திருத்தம் வந்தது என்று இயங்குதளத்தார் வெளியிடும் பக்கத்தைக் காட்டுவது. ஸ்கேனரை வெளியிலிருந்து ஓட்டாமல், சர்வருக்குள் நுழைந்து பொதிப் பட்டியலைப் படிக்கும் முறையில் ஓட்டச் சொல்வதும் உதவும். ரெட் ஹேட்டும் உபுண்டுவும் இந்தத் தகவலைத் தருவதில் கெட்டி. டெபியனுக்கும் பொதுப் பக்கம் உண்டு, அல்மாவும் ராக்கியும் தங்கள் திருத்தங்களை வெளியிடுகின்றன. ஆனால் ஆடிட்டருக்குப் பெயர் பழக்கம் இல்லையென்றால் விளக்கம் கூடுதலாகத் தேவைப்படும். அட்டைப் பரிவர்த்தனை நடக்கும் சர்வர்களில், அட்டைத் துறையின் பாதுகாப்பு விதியான பிசிஐ-யின்படி முக்கியப் பேட்சுகளை ஒரு மாதத்துக்குள் போட வேண்டியிருக்கும் என்பதால், விளக்கக் கடிதங்களுக்குச் செலவழிக்க நேரமும் இருக்காது. அந்த சர்வர்களுக்குச் சந்தா கட்டுவதில் அர்த்தம் உண்டு.

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022-இல் கொடுத்த உத்தரவுகள் எந்த இயங்குதளத்துக்கும் ஒன்றுதான்: சம்பவம் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிப்பது, 180 நாள் லாக், கடிகாரத்தை அரசு நேரச் சர்வரோடு ஒத்துவைப்பது. லினக்ஸில் இதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

‘திறந்து கிடக்கிற நிரல் பாதுகாப்பா?’

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று தோண்டப்போய், எக்ஸ்இசட் என்ற சின்ன நிரல் நூலகத்துக்குள் யாரோ ஒளித்துவைத்திருந்த பின்கதவைக் கண்டுபிடித்தார். திறந்த நிரலாக இருந்ததால்தான் பின்கதவு உள்ளே போனது என்பார்கள் ஒரு பக்கம். திறந்த நிரலாக இருந்ததால்தான் ஒரு தனி ஆள் தோண்டிக் கண்டுபிடிக்க முடிந்தது என்பார்கள் மறுபக்கம். இரண்டும் சரிதான். நிறுவனத்துக்கு உதவுகிற பாடம் வேறு: அந்தப் பதிப்பு டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும் ஃபெடோரா என்ற லினக்ஸின் முன்னோட்டங்களுக்கும் போயிருந்தது, ரெட் ஹேட் என்டர்பிரைசுக்கோ டெபியன் நிலைப்பதிப்புக்கோ உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கோ வரவில்லை. நிதி நிறுவனத்தின் சர்வரில் புதுசு புதுசாக எதையும் போடாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

அதே ஆண்டு ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் கோப்பு ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் படுக்கவைத்தது. ‘பார்த்தீர்களா, லினக்ஸ் தப்பித்தது’ என்று அன்றைக்கு நிறையப் பேர் எழுதினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான், அதே நிறுவனத்தின் லினக்ஸ் சென்சாரால் தங்கள் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) விழுவதாக ரெட் ஹேட் எச்சரித்திருந்தது. கர்னலோடு ஒட்டி ஓடும் எந்தப் பாதுகாப்பு மென்பொருளையும் எல்லா இயந்திரத்துக்கும் ஒரே நாளில் தள்ளக் கூடாது. இதில் இயங்குதளப் பெருமைக்கு இடமில்லை.

கிளைக் கம்ப்யூட்டர்கள்

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சில்லும் வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய கிளைக் கம்ப்யூட்டர் எதுவும் தேறாது. விண்டோஸ் 10-க்கே நீட்டித்த பேட்ச் வாங்கலாம் என்றால், நிறுவனங்களுக்கு முதலாண்டு ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், ஒவ்வொரு ஆண்டும் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்றாண்டு. கூட்டினால் 427 டாலர். அந்தக் காசுக்குப் புதுக் கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம்.

எனவே உபுண்டு அல்லது டெபியன் போட்டு, பழைய பெட்டிகளை இன்னும் நாலு வருஷம் ஓட்டலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். கடன் மென்பொருள் உலாவியில் ஓடுகிறது என்றால் பாதி கிணறு தாண்டிவிட்டீர்கள். மீதிப் பாதி மேசையில் இருக்கிறது. பாஸ்புக் பிரிண்டர், ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ், ஆதார் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், காசோலை ஸ்கேனர். பிரிண்டர்கள் பொதுவாக வழிக்கு வந்துவிடும். கைரேகைக் கருவியின் பதிவுசெய்த சாதனச் சேவை (கருவியை ஆதாரோடு இணைக்கும் மென்பொருள்) உங்கள் மாடலுக்கு லினக்ஸில் இருக்கிறதா என்று கருவி விற்றவரிடம் எழுத்தில் வாங்காமல் ஒரு கிளையையும் தொடாதீர்கள். கணக்குப் பிரிவு டேலியில் உட்கார்ந்திருக்கும். அது விண்டோஸுக்கான மென்பொருள், அந்த மூன்று நான்கு பேரை அப்படியே விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

யாரும் பட்டியலில் எழுதாதது எக்செல் மேக்ரோ. நகை மதிப்பீட்டுக்கும் வட்டிக்கும் எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவர் எழுதிவைத்த கோப்பு ஒன்று எல்லாக் கிளையிலும் சுற்றிக்கொண்டிருக்கும். லினக்ஸில் எக்செல்லுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரேஆபிஸில் அது திறக்கும், கணக்கு சரியாக வருமா என்பது வேறு. உண்மையில் அந்தக் கோப்பே ஒரு ஆடிட் ஆபத்துதான், இயங்குதளம் மாறாவிட்டாலும் அதைக் கடன் மென்பொருளுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். அப்புறம் தமிழ். நகை ஏல அறிவிப்பும் வாடிக்கையாளர் கடிதமும் இன்னும் வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் லினக்ஸைப் பற்றிப் பேச வேண்டும். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் நன்றாகவே வேலை செய்கிறது.

மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறதே என்பார்கள். டெபியன் மேல் கட்டியது, இந்திய மொழி வசதிகள் நன்றாக உண்டு. அரசு அலுவலகத்துக்குச் சரி. தனியார் நிறுவனம் நேரே டெபியனுக்கோ உபுண்டுவுக்கோ போனால் உதவி தேடுவது எளிது.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, பத்தாண்டில் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றி, 2017-இல் விண்டோஸுக்கே திரும்பிப்போகத் தீர்மானித்தது. அதில் அரசியலும் நிறைய இருந்தது. ஆனால் சர்வரை மாற்றினால் ஐடி பிரிவு மட்டும் பழகினால் போதும், மேசையை மாற்றினால் மொத்த நிறுவனமும் பழக வேண்டும் என்ற வித்தியாசத்தை அங்கே நன்றாகப் பார்க்கலாம்.

நானாக இருந்தால்

முதலில் லாக் சர்வரையும் கண்காணிப்பையும் அல்மாவுக்கு மாற்றுவேன். தவறினாலும் வாடிக்கையாளருக்குத் தெரியாத இடங்கள் அவை, ஆட்கள் அங்கே கை பழகட்டும். இந்த இரண்டிலும் ஆறு மாதம் பேட்ச் தவறாமல் போட்டுக்காட்டிய பிறகே கடன் சர்வரைத் தொடுவேன். அதற்கு வென்டர் பட்டியலில் இருப்பதைப் பொறுத்து ரெட் ஹேட்டோ உபுண்டு ப்ரோவோ, சந்தாவோடுதான். சென்ட்ஓஎஸ் 7-ஐ அப்படியே 8, 9 என்று உயர்த்தித் தரும் கருவிகள் உண்டு. கடன் சர்வருக்கு அவற்றைப் பயன்படுத்த மாட்டேன், புதிதாக நிறுவித் தரவை நகர்த்துவேன். வேலை கூடுதல்தான், ஆனால் பத்து வருஷக் குப்பை புது வீட்டுக்கு வராது. கிளைகளில், உலாவி மட்டும் போதுமான கவுண்டர்களில் முதலில் ஒரே ஒரு கிளையில் உபுண்டு. அந்தக் கிளை ஒரு மாத இறுதியையும் ஒரு ஏலத்தையும் கடந்த பிறகு அடுத்தது.

ஐடி பிரிவில் லினக்ஸ் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்றால் விண்டோஸிலிருந்து எதையும் மாற்ற வேண்டாம். இன்னொருவரைத் தயார்செய்யும் வரை விண்டோஸ் சர்வரிலேயே இருங்கள். விண்டோஸ் சர்வர் 2016 வைத்திருப்பவர்களுக்கு 2027 ஜனவரி 12 வரைதான் பேட்ச் வரும். ஆள் தேடும் வேலையை அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி இப்போதே தொடங்கிவிடுங்கள்.